சேர்க்காமல் விட்ட முதல் படம்

சென்ற மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். புகைப்படக் கலையில் என்னென்ன தொழில்கள் உள்ளன, அவற்றுக்கு எப்படித் தயாராவது என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்கு ஆய்வுப் படங்கள் எடுத்து ஓய்வு பெற்றவன் என்பது அழைப்புக்குக் காரணம்.

எனக்கு முன் பேசியவர் ஓர் இளம் சரக்கு ஆய்வாளர். தம் கைபேசியில் இருந்த ஒரு கிடங்கின் படத்தைப் பெரிய திரையில் காட்டினார். மழைநீர் புகுந்து நனைந்த மூட்டைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு சுவர், சுவரில் யாரோ சாக்கட்டியால் எழுதிய ஏதோ ஒன்று. "இந்தக் கிறுக்கல் படத்தையே கெடுக்குது, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதன்மேல் விரலை ஒருமுறை தேய்த்தார். எழுத்து மறைந்தது. அந்த இடத்தில் ஒருபோதும் எவரும் எதையும் எழுதியிராத சுவர் நின்றது. அரங்கம் கைதட்டியது.

அங்கே எழுதியிருந்தது என்ன என்று அரங்கில் ஒருவரும் படிக்கவில்லை. நான் படிக்கத் தொடங்குவதற்குள் அது போய்விட்டது. என் முறை வந்தபோது மேடையேறி, தண்ணீர் வாங்கிக் குடித்து, உடல் நலமில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன். மாணவர்கள் எழுதிக் கொடுத்திருந்த சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு எப்படித் தயாராவது, என்ன கருவி வாங்குவது என்று மூன்று கேள்விகள். மேடையில் சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

ஆழ்வார்திருநகரிக்கு அருகே ஆற்றுப் பாசனச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். விடியலில் பெருமாள் திருமுன் பாசுரம் ஓதிய பிறகே எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஓதும்போது ஓர் எழுத்து விடுபட்டாலும் என் தந்தையார் கையை உயர்த்துவார். மறுபடி முதலடியிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்துக்கு அப்படி அஞ்சி வளர்ந்தவன், பின்னாளில் கண்முன் இருந்த எழுத்தைப் படிக்காமல் அழித்தேன். இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அங்கே எட்டு ஆண்டுகள். நெகட்டிவைத் திருத்தும் வேலையில் என் கை தேர்ந்தது. பென்சிலைக் கூராகச் சீவி, நெகட்டிவின்மேல் மெல்லிய மெழுகெண்ணெய் தடவி, முகத்தின் வடுக்களை நிரப்புவேன். நெகட்டிவில் கறுப்பாகப் போட்ட கோடு அச்சிட்ட படத்தில் வெள்ளையாக விழும். இந்தக் கணக்கு கைக்குப் பிடிபட ஓராண்டு ஆயிற்று.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொன்று. அக்காலத்தில் பலர் உயிரோடு இருக்கும்போது படமே எடுத்துக்கொள்வதில்லை. இறந்தபின் நாற்காலியில் அமர்த்தி, மாலை போட்டு, எங்களை அழைப்பார்கள். எடுத்த படத்தில் மூடிய இமைகளின்மேல் நான் கண்களை வரைவேன். கருவிழியைத் தூரிகையால் வைத்து, அதன் ஓரத்தில் ஒளிப்புள்ளி ஒன்றைக் கத்திமுனையால் சுரண்டினால் பார்வை வந்துவிடும். 'கண் திறக்கிறவர்' என்றே ஊரில் என்னைச் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

துறைமுகத்துக்கு என்னை அழைத்துப் போனவர் மச்சாடோ. கப்பல் சரக்கு ஆய்வாளர். கடற்கரைக் கத்தோலிக்கர், கழுத்தில் சிலுவை, சட்டைப் பையில் இரண்டு உருப்பெருக்கிக் கண்ணாடிகள். ஒன்று தம் கண்ணுக்கு, மற்றது மாற்றாருக்கு என்பார். குரலை உயர்த்த மாட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அது திட்டுவதைவிடக் கடினமானது. முதல் நாள் என் நெற்றித் திருமண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உம்ம பெருமாளுக்குப் பாட வேண்டியதெல்லாம் கரையிலேயே பாடி முடிச்சிட்டு வாரும். கப்பல்ல ஏறிட்டீர்னா அழகு பாக்கப்பிடாது. கண்ணுல பட்டது அசிங்கமோ அலங்கோலமோ, அப்படியே எடும்."

அவர் வகுத்த முறை இது. கப்பலில் ஏறியதும் தொலைவிலிருந்து ஒரு படம், அது எப்படி அமைந்தாலும் சரி. அடுத்து நடுத்தொலைவு. பிறகு அருகில். அருகில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் கப்பலின் பெயர், சரக்கறை எண், நாள் மூன்றையும் எழுதிய சிலேட்டு தெரிய வேண்டும். என் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டையும் வரிசை மாறாமல் ஒப்படைக்க வேண்டும். ஒன்றுமே விழாமல் வெறுமையாகப் போனது இருந்தால் அதையும். "வீணாப் போன படம்னு ஒண்ணு கெடையாதுவே. வீணாப் போனதுன்னு சொல்லுத ஆளுதான் உண்டு" என்பார்.

நான் ஒவ்வொரு முறையும் சரி என்றேன். ஆனால் ஸ்டுடியோக்காரனின் கூச்சம் என்னை விட்டுப் போகவில்லை. கோணலாக விழுந்த படத்தை என் பெயரில் வெளியே அனுப்புவது அழுக்குச் சட்டையோடு கோயிலுக்குப் போவதுபோல் இருக்கும்.

மரத்தடி ஏற்றிய கப்பல் ஒன்று வந்து நின்றது. மூடிய சரக்கறையில் பல நாள் கிடக்கும் மரம் உள்ளே இருக்கும் காற்றின் உயிரைத் தின்றுவிடும். திறந்து ஆறவிட்டு, காற்றைச் சோதித்த பிறகே ஆள் இறங்கலாம். சோதனை முடிந்ததும் சரக்கு இறக்கும் கம்பெனியின் போர்மேன், அந்த அறையின் வாயைச் சுற்றியுள்ள இரும்புச் சுவரில் சாக்கட்டியால் அறை எண்ணையும் ஒரு சரிக்குறியையும் போடுவார். இறங்கலாம் என்பது அதன் பொருள்.

அன்று காலை மூன்றாம் அறையில் இறங்கிய இசக்கிமுத்து என்ற தொழிலாளி ஏணியின் அடியிலேயே விழுந்து இறந்தார். மச்சாடோ வேறொரு கப்பலில் இருந்தார். என்னை உடனே போகச் சொல்லி ஆள் வந்தது. அன்று ஏகாதசி. ஓதி முடிக்க நேரமாகிவிட்டது. புறப்பட்ட அவசரத்தில் சிலேட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

கப்பலில் ஏறியதும் முறைப்படி தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்தேன். பொத்தானை அழுத்தும் நேரத்தில் யாரோ தோளில் இடித்தார்கள். படம் சாய்ந்தது, பாதிச் சட்டத்தில் கூட்டத்தின் முதுகுகளும் கால்களும். பிறகு, மேலே தூக்கிவந்து தார்ப்பாயில் கிடத்தியிருந்த உடலை எடுத்தேன். முகத்தை அருகில் எடுத்தேன். அடுத்து அறையின் வாயை எடுக்க வேண்டும். சிலேட்டு இல்லை, பையில் சாக்கட்டி இருந்தது. இரும்புச் சுவரிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று குனிந்தேன். எழுதத் தோதான இடத்தில் ஏற்கெனவே சாக்கட்டியில் ஏதோ இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். ஈரம் தொட்டு இரண்டாம் முறையும் துடைத்தேன், என் எழுத்து துலக்கமாக விழ வேண்டும் என்பதற்காக. கப்பல் பெயர், மூன்று என்ற எண், நாள் எல்லாவற்றையும் அழகாக எழுதிப் படமெடுத்தேன்.

மாலையில் பதினொரு படங்களை மச்சாடோவிடம் கொடுத்தேன்.

"பன்னெண்டு எங்க?"

"முதல் படம் வீணாப் போச்சு சார்."

அவர் என்னைப் பார்த்தார். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் பார்த்தார். அன்று அவருக்குக் காய்ச்சல். உறையை வாங்கி ஒட்டினார்.

பத்து நாள் கழித்து இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். குலசேகரன்பட்டினத்துக்காரர். மஞ்சள் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். தசரா ஊர்வலத்தில் எடுத்தது; அதில் கரடி வேடமிட்ட ஒருவர் நின்றார்.

"அண்ணாச்சி, வீட்டுல இருக்குறது இது ஒண்ணுதான். அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு வருசா வருசம் கரடி வேசம் கட்டுவாவ. இதை மாட்டி வச்சு எப்படி அண்ணாச்சி மாலை போட? சின்னவ பாத்துட்டு, அப்பா எங்கம்மா, கரடிதான இருக்குங்கா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"கப்பல்ல நீங்க அவுக முகத்தை எடுத்தியளாம். அதுல கண்ணைத் திறந்து குடுங்க. நீங்க திறந்தா உசுரோட இருக்காப்ல இருக்கும்னு சொல்லுதாவ."

தருகிறேன் என்றேன். அவர் எழவில்லை.

"கட்டாயம் திறக்கணும் அண்ணாச்சி. மூடிக் கெடந்தா ஊரு வேற பேசும். வேலை நேரத்துல தூங்குறதுக்குக் கள்ளத்தனமா உள்ள எறங்குனாம்னு போர்மேன் எழுதிக் குடுத்துருக்காரு. கம்பெனியும் அதையே சொல்லுது. அவுக சொல்லாம எறங்குத ஆளு இல்ல. சரி போட்டுருக்கு, எறங்குதேன்னு கூட இருந்தவர்ட்ட சொல்லிட்டுத்தான் எறங்குனாவ. அவரு இப்ப, எனக்கு ஞாபகம் இல்லைங்காரு. செவத்துல சரிக்குறி ஏதுமே இல்லையாம். போட்டோவே இருக்காம்."

அந்த நொடியில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரை அனுப்பிவிட்டு, முகத்தின் நெகட்டிவைத் தேடி, என்னிடம் இருந்த நெகட்டிவ் உறையைத் திறந்தேன். முதலில் கையில் வந்தது நான் வெட்டி ஒதுக்கிய முதல் படம். ஒதுக்கினேனே தவிர எறியவில்லை. எதையும் எறியாத கஞ்சத்தனம் அன்று என்னைக் காத்தது. ஏதோ தோன்றி அதைப் படம் பெரிதாக்கும் எந்திரத்தில் வைத்து விளக்கைப் போட்டேன்.

பலகையில் நெகட்டிவின் உலகம் விழுந்தது. வெளுத்த கால்கள். இரண்டு கால்களுக்கு நடுவே இரும்புச் சுவரின் ஒரு துண்டு. அதில் கறுப்பாக மூன்று என்ற எண். பக்கத்தில் கறுப்பாக ஒரு சரிக்குறி.

துண்டு எப்படி மடிந்திருந்தது, எந்தப் பக்கத்தை ஈரமாக்கினேன், துடைத்தபின் அதை எப்படி உதறினேன் என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆனால் துடைக்கும்போது அதைப் பார்த்த நினைவு மட்டும் வரவில்லை. என் கண் அதன்மேல் பட்டிருக்க வேண்டும். நான் படிக்கவில்லை. இறந்த ஒருவரின் ஒரே சாட்சியை, என் கையெழுத்து அழகாக விழுவதற்காகத் துடைத்திருக்கிறேன். மறுநாள் விடியலில் ஓத உட்கார்ந்தபோது முதலடிக்குமேல் நாக்கு எழவில்லை.

மச்சாடோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம் உருப்பெருக்கியால் நெகட்டிவை நெடுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப வீணாப் போச்சுன்னீரு."

"ஆமா சார்."

"நானும் விட்டுட்டேன்." சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "விசாரணையில ரெண்டு பேரும் சொல்லுவோம்."

விசாரணை துறைமுக அலுவலகத்தின் ஓர் அறையில் நடந்தது. நடுவே விசாரணை அதிகாரி. ஒருபுறம் சரக்கு இறக்கும் கம்பெனியின் மேலாளரும் போர்மேனும். மறுபுறம் மச்சாடோவும் நானும். சுவரோரம் பேச்சியம்மாள்.

துடைத்தது நான்தான் என்று முதலில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு முதல் படத்தின் பெரிய அச்சை மேசையில் வைத்தேன். மேலாளர் அதை எடுத்துப் பார்த்தார். முகம் சிவக்கவில்லை. அதிகாரியிடம் நிதானமாகப் பேசினார்:

"சார், எங்கப்பா செத்தப்ப கண்ணைத் திறந்து குடுத்தது இவருதான். எங்கம்மா சாகுற வரைக்கும் அது நெசக் கண்ணுன்னே நம்புனா. அப்படிப்பட்ட கை. பென்சிலை எடுத்து நெகட்டிவுல ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நாள் கழிச்சு, அந்தம்மா வந்து அழுத பொறவுல்லா இந்தப் படம் வருது?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. சரிக்குறி போன்ற ஒரு கோட்டை என்னால் அதே இடத்தில், அதே கனத்தில், எவரும் கண்டுபிடிக்காதபடி போட முடியும். எட்டு ஆண்டுகள் நான் பழகியதே அதுதான். திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மாளும் என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் முதன்முறையாக ஐயம் இருந்தது.

மச்சாடோ என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பென்சில் போட்டா அதை எடுக்க ஒரு வழி இருக்குமேவே?"

இருந்தது. திருத்துவோர் எல்லோரும் அறிந்தது. பிசகிய கோட்டை டர்பன்டைன் எண்ணெயால் துடைத்தால் பென்சிலும் அதைத் தாங்கும் மெழுகெண்ணெயும் சேர்ந்தே போய்விடும். படலத்துக்குள் ஒளி பதித்தது போகாது. சொன்னேன். அதிகாரி ஆளனுப்பி, பெயின்ட் கடையிலிருந்து ஒரு சீசா வாங்கிவரச் செய்தார்.

என் பையில் பென்சிலும் மெழுகெண்ணெயும் எப்போதும் இருக்கும். வேறொரு பழைய நெகட்டிவை எடுத்து, எல்லோரும் பார்க்க அதில் ஒரு சரிக்குறி போட்டேன். மச்சாடோ தம் இரண்டாவது கண்ணாடியை மேலாளரிடம் கொடுத்தார். பார்த்தார். பஞ்சை எண்ணெயில் நனைத்துத் துடைத்தேன். குறி போய்விட்டது. மறுபடியும் பார்த்தார்.

பிறகு அந்த முதல் படத்தின் நெகட்டிவை என் முன்னால் வைத்தார்கள்.

"நீரே தொடையும்" என்றார் மச்சாடோ.

உண்மை எதுவென்று எனக்குத் தெரியும். நான் அதில் பென்சிலை வைக்கவில்லை. ஆயினும் பஞ்சை எண்ணெயில் நனைத்ததும் தயங்கினேன். அதே குறி, அதே கை, அதே துடைப்பு. ஒருமுறை போயிற்றே என்ற திகிலை அறிவால் அடக்க முடியவில்லை. மனத்துக்குள் பெருமாளின் திருநாமத்தைப் பற்றிக்கொண்டு துடைத்தேன். அதிகாரி, "இன்னொரு தடவை" என்றார். இரண்டாம் முறையும் துடைத்து, விளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்தேன்.

மேலாளர் முதலில் பார்த்தார். கண்ணாடியை இறக்கி மேசையில் வைத்தார். அதிகாரி பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

போர்மேன் எழுந்து நின்று சொன்னார்: "நான்தான் போட்டேன் சார். சீக்கிரம் எறக்கணும்னு நெருக்குனாவ. காத்தைச் சோதிக்கல."

இறங்க அனுமதி எழுதப்பட்டிருந்தது, அதன்படியே இறங்கினார் என்று அறிக்கை மாறியது. புகைப்படக்காரர் கவனமின்றி அக்குறியை அழித்தார் என்ற வரியும் அதில் உண்டு. வெளியே வந்ததும் மச்சாடோ ஆறு மாதம் கப்பலில் ஏற வேண்டாம் என்றார். ஏழாம் மாதம் நான் போனபோது, கழுத்தில் மாட்டும்படி கயிறு கட்டிய ஒரு சிலேட்டை நீட்டினார்.

மாணவர்களின் சீட்டுக்கு வருகிறேன். திருமணப் படம், செய்திப் படம், விளம்பரத்துக்குப் பொருட்படம், வானில் கருவியைப் பறக்கவிட்டு எடுக்கும் படம், ஆய்வுப் படம், காவல்துறைக்கான படம் எல்லாவற்றிலும் பிழைப்பு உண்டு. தேர்ந்தெடுக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் எடுக்கும் படத்தை அழகுக்காகப் பார்ப்பார்களா, சாட்சியாகப் பார்ப்பார்களா? முதல் வகைக்கு ஒளியையும் திருத்தும் மென்பொருளையும் பழகுங்கள். அது இழிவான வேலையன்று, நானும் செய்தேன். இரண்டாம் வகைக்கு வருவதானால் ஓராண்டேனும் படம் எடுக்குமுன் எதிரில் உள்ளவற்றைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிப் பழகுங்கள். சுவரில் எழுத்திருந்தால் வாய்விட்டுப் படியுங்கள். எடுத்த வரிசையைக் கலைக்காதீர்கள். மூலப்படத்தை எவருக்காகவும் தொடாதீர்கள். கருவி எதுவானாலும் சரி. ஒரே கையால் இரண்டு வகையையும் செய்யலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்த இளம் ஆய்வாளர் நல்லவராகத்தான் தெரிந்தார். அவரிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

அறிக்கை வந்த வாரம் பேச்சியம்மாள் மறுபடியும் வந்தார்.

"கண்ணைத் திறந்தாச்சா அண்ணாச்சி?"

முகத்தின் அச்சைத் தயாராக வைத்திருந்தேன். தூரிகையும் பக்கத்தில் இருந்தது. அவரிடம் சொன்னேன்: "திறக்கலாம்மா. ஒரு மணி நேர வேலைதான். ஆனா நான் இப்ப இந்தக் கண்ணை வரைஞ்சா, நாளைக்கு அந்தக் கம்பெனி இதையும் தூக்கிட்டுப் போய் மேல கேக்கும். இதை வரைஞ்சவன்தானே அதையும் வரைஞ்சான்னு கேக்கும். அந்தச் சரிக்குறி நிக்கணும்னா என் கை இனிமே எதுலயும் படக்கூடாது."

அவர் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மூடிய இமைகளின்மேல் கட்டைவிரலை வைத்து, தேய்க்காமல், அப்படியே வைத்திருந்தார். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது.

"மூடியே இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். "தூங்கப் போகலன்னுதான் எழுதியாச்சே."